எங்கிருந்து வந்தீர்கள் என்ற கேள்வி

 வழமையாக இந்த நேரத்தில் வருமானவரி, ஓய்வூதியம் என்று உங்களோடு கதைக்கின்ற நான், இன்று ஒரு மாணவர் சங்கத்தைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறேன். அதுவும் மருத்துவ மாணவர் சங்கம். கணக்காளருக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள், கணக்கும் வரும்.

இங்கே பிரித்தானியாவில் மருத்துவபீடமொன்றில் மூன்றாம் வருடம் படிக்கும் என் மகள் சென்ற புரட்டாதியில் தொலைபேசி எடுத்தாள். "அப்பா, நாங்கள் அஞ்சு பேர் சேர்ந்து வெப்பமண்டல மருத்துவத்துக்கு ஒரு சங்கம் தொடங்கப் போறம். யாப்பு எழுதவேணும், ஒருக்கால் பார்த்துத் தாங்கோ" என்றாள்.

"பிள்ளை, முதலில் சோதனையைப் பாஸ் பண்ணு. சங்கம் பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். பழைய மாணவர் சங்கம், ஊர்ச் சங்கம், கோவில் நிர்வாகம் என்று எத்தனையோ இடங்களில் கணக்குப் பரிசோதகராக இருந்து, ஒன்று இரண்டாவதையும் இரண்டு நாலாவதையும் கண்ட அனுபவம் எனக்கு.

அவள் கோபிக்கவில்லை. "பெரிய மாமாவை மறந்திட்டீங்களோ?" என்று மட்டும் கேட்டாள்.

2019 மார்கழியில் என் மச்சான் தாயாரின் அந்தியேட்டிக்காக யாழ்ப்பாணம் போய்வந்தார். வந்து சில நாட்களில் காய்ச்சல், உடம்பெல்லாம் நோ. தடிமன் காய்ச்சலாக்கும் என்று வீட்டிலிருந்த ஐபுப்ரோபன் குளிசையைப் போட்டார். மூன்றாம் நாள் வைத்தியரிடம் போனார். குளிர்கால வைரஸ் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கேயாவது போய்வந்தீர்களா என்று அவர்கள் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. வீட்டில் எல்லோருக்கும் ஆறுதல். அன்றிரவே வயிற்றுவலியும் வாந்தியும் தொடங்கி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு ஓடினோம். அங்கே ஓர் இளம் வைத்தியர்தான் கேட்டார்: "அண்மையில் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள்?"

டெங்கு. காய்ச்சல் குறையும் நேரம்தான் டெங்கில் ஆபத்தான நேரம் என்பதும், ஐபுப்ரோபனும் அஸ்பிரினும் இரத்தக்கசிவைக் கூட்டலாம், பரசிற்றமோல்தான் எடுக்கவேண்டும் என்பதும் எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. மச்சான் பிழைத்துக்கொண்டார். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த என் மகள் அந்தக் கேள்வியை மறக்கவில்லை.

நேயர்களே, இந்த நாட்டில் வெப்பமண்டல மருத்துவம் புதிதல்ல. லிவர்பூலில் 1898இலும் லண்டனில் 1899இலும் இதற்கெனக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. லண்டன் கல்லூரியைத் தொடங்கியவர் பற்றிக் மான்சன். அது ஆரம்பித்த இடம் துறைமுகத்திலே கப்பலோட்டிகளுக்கான ஒரு வைத்தியசாலை. அதற்குச் சற்று முன், 1897இல், இந்தியாவில் செகந்தராபாத்தில் றொனால்ட் றொஸ் நுளம்பின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்து, 1902இல் நோபல் பரிசும் பெற்றார். குடியேற்ற நாடுகளுக்குப் போன அதிகாரிகளையும் வியாபாரிகளையும் காய்ச்சலிலிருந்து காப்பாற்றுவது அன்றைய பெரிய நோக்கம்.

இன்று அந்த நாடுகளின் மக்கள் இங்கே இருக்கிறோம். 2023இல் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மாத்திரம் 2,000க்கு மேற்பட்டோருக்கு, வெளிநாடு போய்வந்தபின் மலேரியா உறுதிப்படுத்தப்பட்டது. இப்படி வருபவர்களில் பெரும்பங்கினர் உல்லாசப் பயணிகள் அல்லர், சொந்தபந்தங்களைப் பார்க்கப் போய்வந்தவர்கள்.

போய்வந்தவர்களுக்கு மட்டுமல்ல, போகாதவர்களுக்கும் இந்தக் கேள்வி தேவை. ஸ்ரொங்கிலொயிடிஸ் என்று ஒரு சிறு புழு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கும்போது தோலால் உள்ளே போகும். உடலுக்குள்ளேயே மறுபடி மறுபடி பெருகிப் பல பத்தாண்டுகள் இருக்கும். பலருக்கு ஓர் அறிகுறியும் இராது. ஆனால் வேறொரு வருத்தத்துக்கு ஸ்ரெரொயிட் மருந்து கொடுத்தால் அது கட்டுமீறிப் பெருகி உயிரையே எடுக்கக்கூடும். இரண்டாம் உலகப் போரில் சயாம்–பர்மா ரயில்பாதையில் வேலைவாங்கப்பட்ட பிரித்தானியப் போர்க்கைதிகள் பலரின் உடலில், பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் இந்தப் புழு இருந்ததை லிவர்பூல் வைத்தியர்கள் கண்டார்கள். இதற்கு ஒரு குருதிப் பரிசோதனை உண்டு. ஐவர்மெக்ரின் என்ற குளிசையும் உண்டு. கேட்கத் தெரிந்தால் போதும்.

எங்கள் பக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. "எங்கிருந்து வந்தாய்?" என்ற கேள்வியை நாங்கள் முதலில் கேட்டது விமான நிலையத்தில், சீருடை போட்டவர்களிடம். அன்றிலிருந்து அதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லப் பழகிவிட்டோம். ஏஜென்சிக்காரன் ஆபிரிக்காவில் விட்டுவிட்டுப் போக, அங்கே மாதக்கணக்கில் கிடந்ததை மனைவிக்கும் சொல்லாதவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். வைத்தியர் அதே கேள்வியைக் கேட்பது விசாவுக்காக அல்ல, வருத்தத்தைக் கண்டுபிடிக்க.

இதையெல்லாம் யோசித்தபின் நானே மகளுக்குத் தொலைபேசி எடுத்து, யாப்பை அனுப்பச் சொன்னேன்.

இனிக் கணக்கு. இங்கே பல்கலைக்கழகச் சங்கங்கள் மாணவர் ஒன்றியத்தில் பதியப்படவேண்டும். ஒன்றியத்துக்கு ஒன்றியம் விதி வேறுபடும். பொதுவாகக் கேட்பது யாப்பு, குறிப்பிட்ட எண்ணிக்கை அங்கத்தவர்கள், தலைவர், செயலாளர், பொருளாளர். பிள்ளைகள் இரண்டு பக்கத்துக்கு நோக்கம் எழுதியிருந்தார்கள். உலகத்து ஏற்றத்தாழ்வையெல்லாம் ஒழிப்பதாக இருந்தது. நான் ஒரு வரியாக்கச் சொன்னேன். "காய்ச்சலோடு வருபவரிடம் எங்கே போயிருந்தீர்கள், எங்கே வாழ்ந்தீர்கள் என்று கேட்கத் தெரிந்த வைத்தியர்களாக நாங்கள் வெளியேறுவது" என்று எழுதினார்கள். படித்து முடிக்கும்முன் ஏழை நாடுகளுக்குப் போய் நோயாளிகளில் கைபழகக் கூடாது என்று அவர்களாகவே ஒரு பிரிவும் சேர்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் சேர்த்தவை இரண்டு. ஒன்று, எந்தச் செலவுக்கும் இரண்டு பேரின் சம்மதம். மற்றது, இறுதி வருட மாணவர் எவரும் தலைவராகவோ பொருளாளராகவோ இருக்கக் கூடாது, ஒவ்வொரு வருடமும் கையளிப்புக் குறிப்பு எழுதவேண்டும்.

இரண்டாவதற்குக் காரணம் எங்கள் நாட்டின் மலேரியாக் கதை. இலங்கையில் 1963இல் வருடம் முழுக்கப் பதிவானது 17 பேர்தான். வெற்றி என்று நினைத்துக் கண்காணிப்பும் மருந்தடிப்பும் தளர்ந்தன. 1969இல் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மலேரியா. பிறகு எவ்வளவோ பாடுபட்டு, உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல் பதிவாகி, 2016இல்தான் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் கிடைத்தது. தொடங்கியவர்கள் களைத்தபின் யார் கையில் எடுப்பது என்று எழுதிவைக்காவிட்டால், நோய்த்தடுப்புக்கு நடந்ததுதான் சங்கத்துக்கும் நடக்கும்.

முதற்கூட்டத்துக்கு நாற்பது பேருக்குப் பீற்சா வாங்கினார்கள். வந்தவர்கள் பதினொரு பேர். அங்கத்துவப் பணம் ஆளுக்கு மூன்று பவுண். முதல்நாளே நட்டக் கணக்கு. ஆனால் இரண்டாம் மாதம் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியில் மலேரியாக் கிருமியைக் காட்டியபோது கதிரை போதவில்லை. மூன்றாம் கூட்டத்தில் பெரிய மாமா பேசினார். தான் எதைச் சொல்லாமல் விட்டேன் என்பதைத்தான் அவர் பேசினார். இந்தப் பிள்ளைகள் வைத்தியம் செய்யவில்லை, செய்யவும் கூடாது. கேட்கப் பழகுகிறார்கள்.

நேயர்களிடம் நான் கேட்பது இரண்டு விடயம். உங்கள் பிள்ளை இப்படியொரு சங்கத்துக்காக மாலை இரண்டு மணித்தியாலம் செலவழித்தால், என்னைப்போல் முதல் வாயிலேயே மறிக்காதீர்கள். அதுவும் படிப்புத்தான். மற்றது, ஊருக்குப் போய்வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் போன இடத்தையும் வந்த திகதியையும் நீங்களே சொல்லுங்கள். பழைய பாதையையும் மறைக்காதீர்கள்.

மகளின் சங்கத்துக்கு வருகிற மாதம் முதலாவது வருடாந்தப் பொதுக்கூட்டம். கணக்கறிக்கையை நான்தான் பார்க்கிறேன். பீற்சாவின் நட்டம் இன்னும் முழுதாக அடையவில்லை.