உட்கார ஓர் இடம்



இந்த வாசகர் வட்டத்தில் உழைப்பின் உயர்வு என்ற தலைப்பில் பேசத்தான் என்னை அழைத்தார்கள். நாளெல்லாம் உழைத்துக் களைத்து, கடை அடைத்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் இந்த மண்டபத்துக்கு வந்திருப்பவர்களுக்கு உழைப்பு உயர்ந்தது என்று நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அமைப்பாளர்களின் அனுமதியோடு வேறொன்றைப் பேசுகிறேன். நாம் செய்யும் வேலையில் மிகக் கொடிய பகுதி எது? அதை அங்கே கொண்டுவந்து வைத்தது யார்?

இந்தக் கேள்வியைச் சில மாதங்களாகப் பலரிடம் கேட்டு வருகிறேன். சம்பளம் போதவில்லை என்பது எல்லோருக்கும் பொது. அதைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டு வேறொன்றைச் சொல்கிறார்கள்.

எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வரும் அம்மா நாற்றத்தைச் சொல்லவில்லை. "நாத்தம் பழகிரும்மா. உடைஞ்ச கண்ணாடியச் சோத்தோட சேத்து வச்சுக் கட்டிக் குடுக்குறாக பாருங்க, அதுதான் தாங்கல" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கோடு கோடாகத் தழும்பு. ரயில் எஞ்சின் ஓட்டும் ஒருவர் இரவு விழிப்பையோ சிக்னல் பதற்றத்தையோ முதலில் சொல்லவில்லை. எஞ்சினில் கழிப்பறை இல்லை என்றார். பின்னால் வரும் பயணிகள் பெட்டிகளில் கழிப்பறை இருக்கிறது. அத்தனையையும் இழுத்துச் செல்பவர் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு ஓட்டுவதே நெடுங்கால வழக்கம். எஞ்சின்களில் கழிப்பறை பொருத்தத் தொடங்கியதே 2016 வாக்கில்தான்.

துணிக்கடைச் சகோதரிகளிடம் கேட்டேன். அவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். நிற்பது.

தீபாவளி நெருங்கினால் நம்முடைய மதுரை விளக்குத்தூண் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் வருகிறது. பெரியவர்கள் மெத்தையில் உட்கார்கிறார்கள். காபி வருகிறது. எதிரே நிற்கும் பெண் ரேக்கிலிருந்து ஒரு சேலையை எடுக்கிறாள், முந்தியை விரிக்கிறாள், தோளில் போட்டுக் காட்டுகிறாள். "இதுலயே மாம்பழக் கலர் இருக்கா?" எடுக்கிறாள். "பார்டர் இன்னுங் கொஞ்சம் பெருசா?" எடுக்கிறாள். இரண்டு மணி நேரம் கழித்து அவர்கள் ஒன்றை எடுத்துக்கொண்டோ எடுக்காமலோ கிளம்புகிறார்கள். விரித்துக் கிடப்பதை எல்லாம் ஜரிகை நசுங்காமல், பழைய மடிப்பு மாறாமல் அவள் மடித்து அடுக்க வேண்டும். இந்த வேலையைப் பற்றி அவர்களுக்குக் குறை இல்லை. ஒரு சேலையை விற்றுவிட்டால் மனசுக்கு நிறைவாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார்கள். அவர்கள் சொல்லும் துன்பம் வேறு. பகல் மூன்று மணிக்குத் தளத்தில் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை. அப்போதும் நிற்க வேண்டும். ரேக்கில் முதுகைச் சாய்த்தால் கேமராவில் பார்த்துவிட்டு மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடும் கடைகள் இருக்கின்றன. அபராதம் பிடிக்கும் கடைகளும் இருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, ஒரு காலுக்கு ஓய்வு கொடுத்து மறு காலில் நிற்கப் பழகிக்கொள்கிறார்கள்.

எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி அப்படி ஒரு கடையின் விடுதியில் தங்கியிருந்தாள். பார்க்கப் போனேன். தரையில் வரிசையாகப் பெட்ஷீட்டுகள். தலைமாட்டுச் சுவரெல்லாம் சுத்தமாக இருக்க, எதிர்ச் சுவரில் மட்டும் இடுப்பு உயரத்துக்குக் குதிகால் அழுக்கு, அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. ராத்திரி காலைத் தூக்கிச் சுவரில் வைத்துப் படுத்தால்தான் வீக்கம் வடியும், அப்புறம்தான் தூக்கம் வரும் என்றாள். அவளுக்கு அப்போது வயது 22. முழங்காலுக்குப் பின்னால் நீல நரம்பு புடைத்து முறுக்கிக் கிடந்தது.

அது ஏன் வருகிறது என்று ஒரு மருத்துவ நண்பர் எனக்கு விளக்கினார். இதயத்திலிருந்து ரத்தம் பாதம் வரை இறங்குவது சுலபம். மேலே ஏறுவதுதான் பாடு. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி இறுகித் தளர்ந்து, அடிபம்பு தண்ணீரை ஏற்றுவதுபோல ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏறிய ரத்தம் மறுபடி இறங்கிவிடாமல் சிரைக்குள் சின்னச் சின்ன இதழ்கள் தடுத்து நிற்கின்றன. ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் அந்தத் தசை வேலை செய்வதில்லை. ரத்தம் காலில் தேங்குகிறது, சிரை விரிகிறது, நாளடைவில் இதழ்கள் தளர்ந்துபோகின்றன. நரம்பு சுருட்டிக்கொண்டது என்று நாம் சொல்வது இதைத்தான். கவனிக்காமல் விட்டால் கணுக்காலில் தோல் கறுத்து, லேசில் ஆறாத புண்ணாகிவிடும். நடுவில் கொஞ்சம் உட்காரவும் நடக்கவும் விட்டிருந்தால் இந்தச் சுமை பெருமளவு குறைந்திருக்கும் என்றார் அவர். ஒரு ஸ்டூல் போதும், தோழர்களே. ஒரு ஸ்டூல்!

சட்டம் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்தேன். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 44ஆம் பிரிவு இருந்தது. நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டியவர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் ஓய்வெடுத்துக்கொள்ள முடிய வேண்டும் என்றது. இது பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர். இந்த மண்டபத்தில் மில் தொழிலாளியின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பலர் இருப்பீர்கள். துணி நெய்கிற இடத்தில் உட்காரும் உரிமை 1948இலேயே எழுதப்பட்டுவிட்டது. அதே துணியை விற்கிற இடத்துக்கு அது எப்போது வந்தது? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. அப்போது அதில் இருக்கையைப் பற்றிய பேச்சே இல்லை. 2021 செப்டம்பரில்தான் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்து, 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும், வேலை நேரம் முழுவதும் அவர்கள் நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது என்கிறது அந்தப் பிரிவு. 1948க்கும் 2021க்கும் நடுவில் 73 ஆண்டுகள். 2010இல் இயக்குநர் வசந்தபாலன் 'அங்காடித் தெரு' படம் எடுத்தபோது, சென்னை ரங்கநாதன் தெருக் கடை ஊழியர்கள் படும் பாட்டைப் பார்த்துத் தமிழ்நாடே கண்ணீர் விட்டது. அதற்குப் பிறகும் 11 ஆண்டுகள் ஆயின.

நமக்கு முன்னால் கேரளம் 2018இலேயே இதைச் செய்தது. அங்கே அதை வாங்கித் தந்தவர்கள் கடைப் பெண்கள். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு பெரிய கடைவீதி இருக்கிறது. அங்கே தையல் வேலை பார்த்த விஜி என்பவர் 2009இல் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி அல்ல, கழிப்பறை. கழிப்பறை இல்லாததால் அந்தத் தெருப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்காகப் போராடியவர்கள் பிறகு உட்காரும் உரிமையைக் கையில் எடுத்தார்கள். திருச்சூரில் ஒரு துணிக்கடையின் பெண் ஊழியர்கள் 2014 இறுதியில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். நூறு நாள் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. இன்னும் பின்னோக்கிப் போனால், இங்கிலாந்தில் கடைப் பெண்களுக்கு மூன்று பேருக்கு ஓர் இருக்கை என்று சட்டம் போட்டது 1899இல். அதே காலத்தில் கடை கடையாகப் போய் அந்தப் பெண்கள் படும் பாட்டைத் திரட்டி எழுதியவர் மார்கரெட் பாண்ட்ஃபீல்டு. 14 வயதில் துணிக்கடை வேலைக்குப் போனவர். 1929இல் அந்த நாட்டின் தொழிலாளர் அமைச்சர் ஆனார், பிரிட்டன் அமைச்சரவையில் அமர்ந்த முதல் பெண் அவர்தான்.

இவ்வளவு சின்னப் பொருளைக் கொடுக்க ஏன் இவ்வளவு காலம்? ஸ்டூல் விலை தடையா? லட்ச ரூபாய்க்கு அலங்கார விளக்குப் போடுகிறவருக்கு அது விலையே இல்லை. நம் மண்ணில் உட்காருவது என்பது வெறும் உடம்புச் சங்கதி அல்ல, நண்பர்களே. யார் முன்னால் யார் உட்காரலாம் என்று கணக்கு வைத்திருந்த ஊர் இது. பண்ணையார் வரும்போது திண்ணையிலிருந்து எழுந்தாக வேண்டும். டீக்கடை பெஞ்சில் எல்லோருக்கும் இடம் கிடைத்ததில்லை. பழைய கதை என்று நினைக்காதீர்கள். கடலூர் மாவட்டத்தில் தலித் பெண் ஒருவர் ஊராட்சி மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கூட்டத்தில் அவரைத் தரையில் உட்கார வைத்த படம் 2020இல் நாடெங்கும் பரவியது. மற்றவர்களுக்கு நாற்காலி, தலைவருக்குத் தரை. அந்தக் கணக்குதான் உருமாறிக் கடைக்குள்ளும் வந்து நிற்கிறது. காசு கொடுப்பவர் உட்காரலாம், கூலி வாங்குபவர் நிற்க வேண்டும் என்பது அதன் இன்றைய வடிவம்.

கடைக்காரர் ஒருவரிடம் நேரிலேயே கேட்டேன். நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார். "நான் போட்டுருவேன்மா. கஸ்டமர் உள்ள வரும்போது ஸ்டாஃப் உட்கார்ந்திருந்தா, மதிக்கலைன்னு திரும்பிப் போயிடுறாங்களே" என்றார். அவர் சொன்னது நம்மைப் பற்றி. நம் கண்ணுக்கு மரியாதை தெரிய வேண்டும் என்பதற்காக ஒருத்தி பத்து, பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறாள். அவளுடைய வேலைக்கு அந்த நிற்றல் தேவையே இல்லை. ஆள் இல்லாத நேரத்தில் அவள் உட்கார்ந்தால் ஒரு சேலைகூடக் குறைவாக விற்கப்போவதில்லை.

நான் இங்கே சொல்ல வந்தது இதுதான். வேலை தானாகக் கொண்டுவரும் கஷ்டம் ஒன்று உண்டு. உப்பளத்துக்குப் போனால் வெயில் இருக்கும். அதை உழைப்பவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள், அதற்கும் மேலே ஒரு பெருமிதமும் வைத்துக்கொள்கிறார்கள். அந்த வேலையை ஒருநாளும் செய்திராத ஒருவர் வெளியிலிருந்து ஏற்றி வைக்கும் கஷ்டம் இன்னொன்று. மனிதரை உடைப்பது இந்த இரண்டாவது. ஏற்றி வைத்தவர் நினைத்தால் ஒரு நாளில் இறக்கிவிடலாம். ஓர் உதாரணம்: முதலமைச்சர் போகும் சாலையில் பெண் காவலர்கள் வெயிலில், கழிப்பறை இல்லாமல் மணிக்கணக்கில் நின்றார்கள். 2021 ஜூனில், அந்தப் பாதுகாப்புப் பணிக்குப் பெண்களைச் சாலையோரம் நிறுத்தாதீர்கள் என்று முதலமைச்சர் சொன்னார், டி.ஜி.பி. உத்தரவு போட்டார். அந்த உத்தரவால் யாருடைய பாதுகாப்பும் குறைந்துவிடவில்லை.

இதற்கு விலக்காக ஒரு வேலை இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கினால் நான் நேர்மையற்றவள் ஆவேன். சாக்கடைக் குழிக்குள் மனிதன் இறங்குவது. அங்கே கொடிய பகுதி என்று தனியாக ஒன்று இல்லை, அந்த வேலையே கொடியது. அதைச் சௌகரியமாக்கக் கூடாது, ஒழிக்க வேண்டும். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்ய 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு ஏறிக்கொண்டே போகிறது என்றால் சாவு நிற்கவில்லை என்று பொருள். உங்கள் வீட்டுத் தொட்டி அடைத்துக்கொண்டால் ஆளைக் கூப்பிடாதீர்கள், இயந்திரத்தைக் கூப்பிடுங்கள். ஆள் வந்து "நானே இறங்குறேன்" என்றாலும் விடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மறுபடி கடைக்கு வருகிறேன். சட்டம் வந்துவிட்டது, ஸ்டூல் வந்ததா? சில கடைகளில் வந்திருக்கிறது, அந்த முதலாளிகளுக்கு இந்த மேடையிலிருந்து நன்றி. வேறு சில கடைகளில் மாடிப்படிக்குக் கீழே ஸ்டூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே துணி போட்டு மூடியிருந்ததை நானே பார்த்தேன். "அது எதுக்கும்மா?" என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன். "ஆபீசர் வந்தா எறக்குவாங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு, கேமரா இருக்கும் பக்கம் பார்த்தாள்.

வாசகர் வட்டம் சார்பில் ஒரு மனு எழுதியிருக்கிறோம். கேட்பது மூன்று. ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னாலும், கைக்கு எட்டும் இடத்தில் ஸ்டூல். ஒவ்வொரு தளத்திலும் ஊழியர்கள் அனுமதி கேட்காமல் போகக்கூடிய கழிப்பறை. தீபாவளி சீசனில் தொழிலாளர் உதவி ஆய்வாளர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்க்க வேண்டும். வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் இதைக் கொடுக்கிறோம். வாசலில் மேசை போட்டிருக்கிறது. கடையில் வேலை பார்க்கும் சகோதரிகளே, நீங்கள் யாரும் அதில் கையெழுத்துப் போட வேண்டாம், உங்கள் பெயர் எந்தத் தாளிலும் இருக்கக் கூடாது. மெத்தையில் உட்கார்ந்து சேலை பார்த்த மற்ற எல்லோரும் வரிசையில் வாருங்கள். பெயரும் முகவரியும் தெளிவாக எழுதுங்கள், நாங்கள் வாடிக்கையாளர்கள் என்று எழுதுங்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது, உங்களுடையதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.