கடன் சுமையிலிருந்து மீண்ட ஒடிசா

ஒரு மாநில அரசின் நிதிநிலை நலமாக உள்ளதா என்பதை எவ்வாறு அறிவது? அரசு கடன் வாங்குகிறதா என்பதைக் கொண்டு அன்று; அக்கடன் எதற்குச் செலவாகிறது என்பதைக் கொண்டே அறிதல் வேண்டும். அணை கட்டவும் சாலை அமைக்கவும் பெறும் கடன் பின்னாளில் பயன் தரும். சம்பளத்துக்கும் வட்டிக்கும் பெறும் கடனோ மேலும் கடனையே வளர்க்கும். ஒடிசாவின் பட்டறிவு இதனைத் தெளிவாக்குகிறது.

ஒரிசா என அப்பொழுது வழங்கிய அம்மாநிலம் 1990-களின் இறுதியில் பெரும் நெருக்கடிக்குள்ளாயிற்று. ஐந்தாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளையொட்டிச் சம்பளச் செலவும் ஓய்வூதியச் செலவும் உயர்ந்தன. 1999 அக்டோபரில் வீசிய கடும்புயல் ஏறத்தாழ 10,000 உயிர்களைப் பலிகொண்டது. நிவாரணச் செலவும் கருவூலத்தின்மீது விழுந்தது. 2001-02-இல் மாநில வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தொகை வட்டிக்கே சென்றது.

சீரமைப்பு மூன்று வழிகளில் நடைபெற்றது. முதலாவது, செலவுக் கட்டுப்பாடு. 2001-இல் மைய அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, காலியிடங்களை நிரப்புவது பெரிதும் நிறுத்தப்பட்டது. இரண்டாவது, வருவாய்ப் பெருக்கம். 2005 ஏப்ரலில் மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்தது. கனிமங்களிலிருந்து கிடைத்த உரிமைத் தொகையும் பெருகிற்று. மூன்றாவது, சட்டத்தின் பிணைப்பு. நிதிப் பொறுப்புச் சட்டம் இயற்றும் மாநிலங்களுக்கு, மைய அரசு அளித்த பழைய கடன்களை 7.5 சதவீத வட்டியில், 20 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தும் சலுகையைப் பன்னிரண்டாவது நிதிக் குழு பரிந்துரைத்தது. ஒடிசா 2005-இல் அச்சட்டத்தை இயற்றியது.

பயன் விரைவிலேயே கிட்டிற்று. 2005-06-இல் வருவாய்க் கணக்கில் உபரி தோன்றியது. அன்றாடச் செலவுக்காகக் கடன் வாங்கும் நிலை நீங்கவே, மூலதனப் பணிகளுக்கு இடம் உண்டாயிற்று.

எனினும், இந்த மீட்சிக்கு ஒரு விலையும் இருந்தது. நிரந்தரப் பணியிடங்களில் ஒப்பந்த ஊழியர் அமர்த்தப்பட்டனர். ஒரே வேலையைச் செய்தும் குறைந்த ஊதியம் பெற்று, இளைஞர் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 2022 அக்டோபரில்தான் இம்முறை கைவிடப்பட்டு, 57,000-க்கும் மேற்பட்டோர் நிரந்தரமாக்கப்படுவர் என்று அறிவிக்கப்பட்டது.

பற்றாக்குறையைக் குறைத்தல் கணக்கேட்டில் முடிந்துவிடும் செயலன்று. எச்செலவு குறைந்தது, அச்சுமையை யார் தாங்கினர், மிஞ்சிய பணம் எதனை உருவாக்கிற்று என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே, ஒரு சீர்திருத்தத்தை முழுமையாக மதிப்பிட இயலும்.