முதியோர் இல்லங்களை எதைக் கொண்டு ஒப்பிடுவது?

(மஹல்லாவாசிகள் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதியோர் பராமரிப்பு இல்லம் என்ற பேச்சை இந்த மேடையில் எடுப்பதற்கே சற்றுத் தயங்கினோம். பெற்றோரை அங்கே விடலாமா என்ற கேள்வி பலருடைய உள்ளத்திலும் எழும். அது தனியே பேசவேண்டிய ஒன்று. பக்கவாதத்தில் விழுந்து, இருவர் சேர்ந்தால்தான் புரட்டிப் படுக்கவைக்க முடியும் என்ற நிலையில் உள்ளவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். பிள்ளைகள் அனைவரும் கடல் கடந்திருக்க, மறதி நோயுடன் தனியே காலம் தள்ளும் தாய்மார்களும் இருக்கிறார்கள். அவர்களின் குடும்பத்தார் ஜமாஅத் அலுவலகத்திற்கு வந்து கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எந்த இல்லம் நல்ல இல்லம்?" கைப்பேசியில் வந்த நான்கு படங்களைக் காட்டி, "இது எப்படி?" என்கிறார்கள். படத்தைப் பார்த்து என்ன சொல்வது?

இந்தக் கேள்விக்கு அரசாங்கமே விடை சொல்ல முயன்ற நாடு அமெரிக்கா. நம் ஊரில் 'நர்சிங் ஹோம்' என்றால் பிரசவமும் அறுவைச் சிகிச்சையும் நடக்கும் சிறிய தனியார் மருத்துவமனை. அங்கே அந்தப் பெயருக்குப் பொருள் வேறு. தாமாக எழுந்து நடமாட இயலாதவர்கள் நீண்ட காலம் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லம் அது. அந்நாட்டு இல்லங்களில் முதியவர்களைக் கட்டிலோடு கட்டிவைப்பதும், மருந்து கொடுத்து மயக்கத்தில் வைப்பதும் மலிந்திருந்த காலம் உண்டு. 1987ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் அதற்குக் கடிவாளம் போட்டது. முன்னறிவிப்பின்றி ஆய்வாளர்கள் செல்லவேண்டும். இரண்டு ஆய்வுகளுக்கு இடையே 15 மாதங்களுக்கு மேல் கடக்கக்கூடாது என்பது விதி.

ஆய்வாளர்கள் எழுதியது கோப்புகளில் கிடந்தால் மக்களுக்கு என்ன பயன்? 1998இல் அந்த விவரங்கள் இணையத்தில் வெளியிடப்பட்டன. 2008 டிசம்பரில் ஒவ்வோர் இல்லத்திற்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கும் முறை வந்தது. ஆய்வு முடிவு, பணியாளர் அளவு, நோயாளிகளின் நிலை என மூன்றையும் சேர்த்து இந்த மதிப்பைக் கணக்கிடுகிறார்கள். உணவு விடுதிக்குத் தரம் போடுவதுபோல் முதியோர் இல்லத்திற்கும் போட்டுவிட்டார்கள் என்று முதலில் நமக்கும் தோன்றியது. உள்ளே சென்று பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை.

ஆய்வு முடிவுக்கான நட்சத்திரங்கள் அந்தந்த மாநிலத்திற்குள் மட்டும் ஒப்பிட்டு வழங்கப்படுபவை. ஒரு மாநிலத்தில் முதல் பத்து சதவீத இல்லங்களுக்கு ஐந்து. கடைசி இருபது சதவீதத்திற்கு ஒன்று. வகுப்பில் முதல் மாணவன் என்பதுபோலத்தான். அந்த வகுப்பின் தரம் என்ன என்பதை அது சொல்லாது.

அடுத்து, பணியாளர் கணக்கு. தொடக்க ஆண்டுகளில் இல்லம் தானே நிரப்பித் தந்த படிவத்தையே நம்பினார்கள். அதுவும் ஆய்வை ஒட்டிய இரண்டு வாரக் கணக்கு மட்டும். ஆய்வு வரும் காலத்தில் ஆட்களைக் கூட்டிக்கொள்ள யாருக்குத்தான் தெரியாது? பத்திரிகைகள் இதை எழுதின. 2016 முதல் சம்பளப் பதிவேட்டின்படி கணக்குத் தரவேண்டும் என்றானது. 2018 முதல் நட்சத்திரங்களும் அதையொட்டியே வழங்கப்பட்டன. அப்போது உண்மை வெளிப்பட்டது. பெரும்பாலான இல்லங்களில், முன்பு சொன்னதைவிடப் பணியாளர்கள் குறைவு. சனி, ஞாயிறுகளில் இன்னும் குறைவு. பிள்ளைகள் பார்க்க வரும் நாளில் ஆள் இல்லை என்பது வேதனையான வேடிக்கை. 2022 முதல் வார இறுதிப் பணியாளர் அளவும், ஆண்டுக்கு எத்தனை பேர் வேலையை விட்டு விலகுகிறார்கள் என்பதும் வெளியிடப்படுகின்றன. நம்மைக் கேட்டால், அந்தப் பட்டியலில் மிகவும் பயனுள்ளது இந்தக் கடைசி எண்தான். மாதத்திற்கு ஓர் ஆயா மாறும் இடத்தில், எந்தப் பாட்டிக்கு எந்தப் பக்கம் வலி என்று யாருக்குத் தெரியும்?

மூன்றாவது இதைவிட மோசம். மறதி நோயாளிகள் இரவில் எழுந்து நடப்பார்கள், சத்தமிடுவார்கள். மனநோய் மருந்தைக் கொடுத்து அவர்களைப் படுக்கவைப்பது சில இல்லங்களின் வழக்கம். இம்மருந்து அதிகம் கொடுத்தால் மதிப்பெண் குறையும் என்று அரசு வைத்தது. ஆனால், மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு விலக்கு அளித்தது. விளைவு, முதுமையில் அபூர்வமாகவே புதிதாகத் தோன்றும் அந்த நோய் பல இல்லங்களின் ஏடுகளில் பெருகிவிட்டது! 2021இல் நாளிதழ் ஒன்று இதை விரிவாக வெளிக்கொணர்ந்தது. 2023 ஜனவரியில் இதற்கெனத் தணிக்கை அறிவிக்கப்பட்டது.

2020 பிப்ரவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் கிர்க்லாண்ட் நகரில் ஓர் இல்லத்திற்குள் கொரோனா நுழைந்தது. அதனோடு தொடர்புடைய மரணங்கள் முப்பதுக்கும் மேல். அன்று அது ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்த இல்லம்.

அப்படியானால் இந்தப் பட்டியலே வீண் என்று சொல்கிறோமா? இல்லை. 2019 முதல், முதியவர்களைத் துன்புறுத்தியதாக உறுதியான இல்லங்களின் பெயருக்கருகே சிவப்புக் கைச்சின்னம் பதிக்கிறார்கள். நம்மிடம் அப்படியொரு சின்னம் இருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும்! நாம் கவனிக்கவேண்டியது ஒன்றே. இல்லம் தன்னைப் பற்றித் தானே எழுதிய எண் ஏமாற்றியது. வெளியார் சொல்லாமல் சென்று எழுதியதும், சம்பள ஏட்டிலிருந்து எடுத்ததும் பெரும்பாலும் நின்றன.

நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்திற்கு ஓர் இல்லமேனும் அமைக்கலாம் என்கிறது. ஆனால் எந்த இல்லம் எப்படி என்று ஒப்பிட்டுக் காட்டும் பட்டியல் நம் கையில் இல்லை. ஆகவே நாமே மூன்று இல்லங்களை இருமுறை பார்த்துவந்தோம். ஒருமுறை சொல்லிவிட்டு, ஒருமுறை ஞாயிறு மாலை சொல்லாமல். பெயர்களை இங்கே சொல்வது முறையன்று.

முதல் இல்லம் பளிங்குத் தரை, வரவேற்பறையில் மீன் தொட்டி. ஞாயிறு மாலை மாடியில் இருபத்திரண்டு பேருக்கு ஒரே ஓர் ஆயா. தண்ணீர்க் குவளைகள் மேசைமீது நிறைந்திருந்தன. கட்டிலில் இருப்பவரின் கை எட்டாத தூரத்தில். இரண்டாவது இல்லத்தில் எங்களை மாடிக்கே விடவில்லை. "அலுவலக நேரத்தில் வாருங்கள்" என்றார்கள். மூன்றாவது ஓட்டுக் கட்டடம். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஓர் அட்டை தொங்கியது. எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்டிப் படுக்கவைத்தார்கள் என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். படுக்கைப்புண் வராதிருக்க இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டவேண்டும் என்பது வழக்கமான மருத்துவ அறிவுரை. நாங்கள் நின்றிருந்தபோதே ஒரு பெண் வந்து, "அத்தா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிக்குவோமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டார். அவர் அங்கே ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறாராம். நம் முதியவர்கள் விரும்பினால் தொழுகை நேரத்தில் ஒளூ செய்துவிடவும் ஆள் இருக்கிறது.

மூன்றாவது இல்லத்திலும் குறை உண்டு. மருத்துவர் வாரத்திற்கு ஒருமுறைதான் வருகிறார். இரவில் அவசரம் என்றால் அரசு மருத்துவமனைக்கு நாற்பது நிமிடப் பயணம். இதய நோயாளியை அங்கே விடத் தயங்குவோம். பக்கவாத நோயாளி என்றால் அங்கேதான் அனுப்புவோம். யாருக்கு என்பது தெரியாமல் "நல்ல இல்லம் எது" என்ற கேள்விக்கு விடையில்லை.

இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர், ஞாயிறன்று எத்தனை, பழைய ஆயா எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார், தூக்க மாத்திரை யார் சொல்லிக் கொடுக்கப்படுகிறது, யாருக்காவது படுக்கைப்புண் இருக்கிறதா என்ற ஐந்து கேள்விகளுடன் ஒரு படிவம் தயாரித்திருக்கிறோம். அலுவலகத்தில் அஸருக்குப் பின் பெற்றுக்கொள்ளலாம். தம் பெற்றோரை ஏற்கெனவே ஓர் இல்லத்தில் விட்டிருப்பவர்கள் அதை நிரப்பித் தந்தால், பெயர் வெளியிடாமல் வைத்துக்கொண்டு, கேட்டு வரும் குடும்பங்களுக்குக் காட்டுவோம். மாதம் ஒரு ஞாயிறு மாலை இருவர் இருவராகச் சென்று பார்த்துவரத் தொண்டர்கள் தேவை. பெண்கள் பகுதிக்குச் செல்லச் சகோதரிகள் நால்வரேனும் வேண்டும். இதுவரை இருவர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.