பட்டம் கொடுத்தால் போதுமா?

(கல்லூரி ஆசிரியர்கள், மாணவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் மூன்றாண்டு படித்துவிட்டு வரும் மாணவனிடம், "உன் பேராசிரியரோடு பாடத்திற்கு வெளியே எத்தனை முறை உட்கார்ந்து பேசினாய்?" என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பான். மணி அடித்தால் அவர் போய்விடுவார். இவன் பேருந்துக்கு ஓடுவான். நோட்ஸ், பரீட்சை, மார்க். இதற்குப் பெயர் கல்வியா?

கூஃபாவில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் பாடம் நடத்திய முறை, மதரஸாவில் ஓதிய எங்களுக்குத் தெரியும். ஒரு மஸ்அலாவை முன்வைப்பார்கள். மாணவர்கள் வாதிடுவார்கள், சில சமயம் நாள்கணக்கில் நீளும். அபூயூசுஃபும் முஹம்மதும் எத்தனையோ சட்டங்களில் தம் ஆசானோடு கருத்து வேறுபட்டார்கள். அவற்றையும் ஹனஃபீ நூல்கள் இன்றுவரை பாதுகாத்து வைத்திருக்கின்றன. நாமோ, ஒரு மாணவன் எழுந்து "சார், இது எப்படி?" என்றால், "உட்காரப்பா, சிலபஸ் முடியவில்லை" என்கிறோம்! (மதரஸாக்களிலும் இந்த நோய் உண்டு, மறைப்பதற்கில்லை.)

அலீகரைப் பாருங்கள். 1875ல் ஸர் ஸையித் அஹ்மத் கான் பள்ளியாகத் தொடங்கியது, கல்லூரியாக வளர்ந்தது. 1884ல் அங்கே மாணவர்களுக்கென்று விவாத மன்றம் வந்தது. 1888ல் தத்துவம் கற்பிக்க வந்தவர் தாமஸ் ஆர்னால்ட் என்ற ஆங்கிலேயர். அங்கே ஆசிரியராக இருந்தவர் மௌலானா ஷிப்லி நுஃமானி. ஷிப்லி ஆர்னால்டிடம் பிரெஞ்சு கற்றார். ஆர்னால்ட் ஷிப்லியிடம் அரபி கற்றார். ஆசிரியர்களே ஒருவருக்கொருவர் மாணவராக இருக்கும் கல்லூரியில் படிப்பவனுக்கு வேறு உபதேசம் எதற்கு?

1892ல் இருவரும் ஒரே கப்பலில் பயணம் செய்தபோது வழியில் இயந்திரம் பழுதானது. பதறிப்போய் ஷிப்லி ஓடினால், ஆர்னால்ட் அமைதியாகப் புத்தகம் படித்துக் கொண்டிருக்கிறார்! கப்பல் மூழ்குவதானால் இருக்கிற கொஞ்ச நேரத்தை வீணாக்கலாமா என்றாராம். ஷிப்லியே தம் பயணநூலில் எழுதியிருக்கிறார்.

பிறகு ஆர்னால்ட் லாகூர் போனார். அங்கே அவரிடம் படித்த இளைஞர் இக்பால். 1904ல் ஆசிரியர் தாய்நாடு திரும்பியபோது பிரிவைத் தாங்காமல் கவிதை எழுதினார் மாணவர். மறு வருடமே அவரும் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டுவிட்டார். நோட்ஸ் கொடுத்தவருக்காக யாராவது கவிதை எழுதுவார்களா?

பேராசிரியப் பெருமக்களே! கட்டடம் கேட்கவில்லை, நிதி கேட்கவில்லை. வாரம் ஒரு மாலை, ஐந்தாறு மாணவர்கள், ஒரே ஒரு புத்தகம். நீங்களும் அதைப் புதிதாகப் படிக்க வேண்டும். விடை தெரிந்த புத்தகத்தை எடுத்தால் அது பிரசங்கமாகிவிடும் (எங்களுக்கு அந்தப் பழக்கம் அதிகம்!). முதல் மாதம் எவனும் வாய் திறக்க மாட்டான். பொறுங்கள். பிற சமய மாணவர் வந்தாலும் உட்கார வையுங்கள். மாணவியருக்கும் இந்த ஏற்பாடு வேண்டும். வருகைப் பதிவேடு மட்டும் வைத்துவிடாதீர்கள். இடம் இல்லையென்றால் பள்ளிவாசல் மாடி இருக்கிறது. தேநீர்ச் செலவுக்கு ஜமாஅத்தாரிடம் நான் பேசுகிறேன்.