டொலேடோவின் சிறிய தேவாலயம்



மதங்கள் மாறி மாறிக் குடியிருந்த கட்டடம் என்றதும் ஸ்பெயினில் எல்லோரும் கொர்தோபாவைத்தான் சொல்வார்கள். 856 தூண்கள் நிற்கும் அந்தப் பெரும் பள்ளிவாசலைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் பேச எடுத்துக்கொண்டது டொலேடோ நகரின் பழைய வாசல் ஒன்றை அடுத்திருக்கும் சின்னஞ்சிறு தேவாலயம். பெயர் கிறிஸ்தோ தெ லா லூஸ், அதாவது ஒளியின் கிறிஸ்து. பழைய பகுதி நீளம், அகலம் இரண்டிலும் ஏறத்தாழ 8 மீட்டர்தான்.

அதன் முகப்பின் மேற்பகுதியில் செங்கற்களையே எழுத்தாக அடுக்கிய அரபு வாசகம் ஒன்று ஓடுகிறது. நெடுங்காலம் மறைந்து கிடந்து 1899-இல்தான் அது மீண்டும் வெளிப்பட்டது. அகமது இப்னு ஹதீதி என்பவர் இறைவனின் கூலியை நாடித் தம் சொந்தப் பணத்தில் இந்தப் பள்ளிவாசலைக் கட்டுவித்தார். கட்டியவர் மூசா இப்னு அலி. ஆண்டு ஹிஜ்ரி 390 என்கிறது அது. 999-இன் கடைசி என்று வைத்துக்கொள்ளலாம். கொடுத்தவர் பெயரோடு கொத்தனார் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அறக்கட்டளைக் கூட்டத்தில் இதைச் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது!

உள்ளே நான்கு தூண்கள். அவை பிரிக்கும் ஒன்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே ஒரு சிறு விதானம். வளைவுப் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும் விதம் ஒன்பதிலும் வேறு வேறு. கலீஃபா இரண்டாம் அல்ஹக்கம் கொர்தோபாவில் எழுப்பிய மாடங்களின் வேலைப்பாட்டை இந்தச் சிறிய இடத்துக்குள் அடக்கிக் காட்டியிருக்கிறார் மூசா. தூண்களின் போதிகைகளோ அவர் செய்தவை அல்ல. முஸ்லிம்களுக்கு முன் அங்கே ஆண்ட விசிகோத்தியக் கிறிஸ்தவர்கள் காலத்தவை.

1085-இல் கிறிஸ்தவ மன்னர் ஆறாம் அல்போன்சோ டொலேடோவைப் பிடித்தார். அவர் நகருக்குள் நுழைந்தபோது குதிரை இந்த இடத்தில் மண்டியிட்டதாம். சுவரை இடித்துப் பார்த்தால் உள்ளே சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவமும், முஸ்லிம் ஆட்சி முழுவதும், அதாவது மூன்றரை நூற்றாண்டுக்கு மேல், அணையாமல் எரிந்த விளக்கும் இருந்தனவாம். குதிரை மண்டியிட்ட இடம் என்று தெருவில் ஒரு வெள்ளைக் கல்லையும் காட்டுகிறார்கள். கதை அழகாகவே இருக்கிறது. ஆனால் அது எதற்காகப் பிறந்தது என்று கேட்க வேண்டும். ‘நாங்கள் பிடுங்கவில்லை, எங்களுடையதைத் திரும்பப் பெற்றோம்’ என்று சொல்வதற்காக என்பதே என் முடிவு. போதிகைகளைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. பழைய கல்லை எங்கிருந்தும் கொண்டுவந்து வைக்கலாம்; அதே இடத்தில் தேவாலயம் இருந்ததற்கு அது போதாது.

12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டடம் செயின்ட் ஜான் சபை வீரத்துறவியர் கைக்கு வந்தது. பள்ளிவாசலை அவர்கள் இடிக்கவில்லை. பலிபீடத்துக்காக ஓர் அரைவட்டப் பகுதியை ஒட்டிக் கட்டினார்கள். அதுவும் செங்கல்லே, வெளிச்சுவரை அணிசெய்வனவும் வளைவுகளே. கிறிஸ்தவ ஆட்சியில் தொடர்ந்த முஸ்லிம் கட்டட மரபின் வேலை அது. முதேஹர் பாணி என்பார்கள். உள்ளே சுவரில் கிறிஸ்து ஓவியம்.

டொலேடோ போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழிகாட்டி குதிரைக் கதையைத் தொடங்குவதற்கு முன் முகப்பைப் பாருங்கள். பிறகு பலிபீடப் பகுதியின் வெளிச்சுவரையும் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.