நோவாத வீக்கம்



தாடை எலும்பினுள்ளே தோன்றும் நீர்க்கட்டிகளையும், புற்றுநோயல்லாத கழலைகளையும் குறித்து இன்று சில கூற விழைகின்றேன். யான் வைத்தியன் அல்லன். பாடசாலையொன்றை நடத்திவரும் ஆசிரியன். எனினும் நாள்தோறும் பல நூறு பிள்ளைகளின் முகங்களைக் காண்பவனுக்கு, ஒரு பக்கக் கன்னம் மறுபக்கத்தினும் சற்றே பருத்திருப்பது எளிதிற் புலப்பட்டுவிடுகிறது. பெற்றோரை அழைத்துக் கூறினால், "நோகுது எண்டு பிள்ளை சொல்லேல்லையே ஐயா" என்பதே பெரும்பாலும் வரும் விடை. நோவு இல்லையெனின் நோயும் இல்லையென்று கொள்ளும் இவ்வெண்ணமே இங்கு பெருந்தடை.

இக்கட்டிகள் நோவின்றி வளர்வதற்குக் காரணம் உண்டு. சூத்தைப் பல்லொன்றின் உள்ளே உயிர்ப்பகுதி மாண்டுபோனால், வேரின் நுனியில் அழற்சி உண்டாகி, அங்கே ஒரு சிறு பை உருவாகலாம். பைக்குள்ளே மெல்ல மெல்ல நீர் சேர்கிறது. அதன் அமுக்கத்தினால் சுற்றியுள்ள எலும்பு கரைந்து இடங்கொடுக்கின்றது. மாதங்களும் ஆண்டுகளுமாக நிகழும் இச்செயல், கிருமி புகுந்து சீழ் கட்டும்வரை ஆளுக்குத் தெரிவதேயில்லை. தாடைக் கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. மற்றொரு வகை, முளைக்காது எலும்பினுள் அகப்பட்டுக் கிடக்கும் பல்லின் தலையைச் சூழ்ந்து வளர்வது. கீழ்த்தாடை ஞானப்பல்லிலும் மேற்றாடைக் கோரைப்பல்லிலும் பெரிதும் காணப்படும். உரிய வயது கடந்தும் ஒரு பல் வெளிவராதிருப்பின், "பிறகு முளைக்கும்" என்றிராது காரணம் ஆராய்தல் வேண்டும்.

திருநெல்வேலிக்கு மேற்கே மானிப்பாயில், அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் கிறீன் தமிழிலே மேனாட்டு வைத்தியம் கற்பித்ததை நேயர்கள் அறிவீர்கள். அவர் யாழ்ப்பாணம் வந்த 1847ஆம் ஆண்டிலேதான் எடின்பரோவில் சிம்சன் குளோரோபோம் மயக்கமருந்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். கிறீன் 1867இல் 'இரணவைத்தியம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். ஆயினும் அக்காலத்து வைத்தியருக்குத் தாடையின் உட்புறத்தை அறியக் கிடைத்த கருவி தம் விரல் ஒன்றே. கட்டியின் மேலுள்ள எலும்பு மெலிந்திருந்தால், அழுத்தும்போது முட்டையோடு நொறுங்குவதுபோல் விரலுக்குத் தெரியும். எக்ஸ் கதிரை றொன்ற்ஜன் கண்டது 1895இல். கிறீன் 1884இலேயே மறைந்துவிட்டார்.

இன்று தாடை முழுவதையும் ஒரே படத்திற் காட்டும் எக்ஸ் கதிர்ப் படம் உண்டு, வேண்டுமிடத்துச் சீ.ரீ. படமும் எடுப்பர். ஆனால் படம் கட்டியின் எல்லையைக் காட்டுமேயன்றி அதன் இயல்பை முடிவாகக் கூறாது. படத்தில் ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு, சிகிச்சையில் முற்றும் வேறாக அமையலாம். ஆதலின் சிறு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்க்கின்றனர். இதற்குத்தான் நம்மவர் அஞ்சுகின்றனர். கத்தி பட்டால் புற்றாகிவிடும் என்பது பரவலான பேச்சு. தீங்கற்ற கட்டியொன்று துண்டெடுத்ததனாற் புற்றுநோயாக மாறுவதில்லை. வெற்றிலை, புகையிலையால் வரும் வாய்ப்புற்றையும் இதனோடு குழப்புகின்றனர். அது வாயின் மென்தோலிலே தொடங்குவது, இவை எலும்பினுள்ளே தொடங்குபவை.

சாதாரண நீர்க்கட்டியை அதன் தோலோடு முழுமையாக உரித்தெடுத்துவிட்டால், வெற்றிடத்தை எலும்பே காலப்போக்கில் நிரப்பிவிடும். மிகப் பெரிதான கட்டியாயின், ஒரே முறையில் எடுக்க முயன்றால் தாடை முறியலாம், அல்லது கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு சேதமடையலாம். அத்தகைய இடத்தில் கட்டிக்கு ஒரு சாளரம் திறந்து, அதன் விளிம்பை வாயின் தோலோடு தைத்துவிடுவர். 1892இல் ஜெர்மானியரான பார்ட்ஷ் விளக்கிய இம்முறையில், அமுக்கம் நீங்கியதும் கட்டி தானே சுருங்குகின்றது. பிள்ளைகளில் உள்ளே அகப்பட்ட பல் இதனால் வெளிவந்து வரிசையிற் சேர்வதும் உண்டு. பல மாதங்கள் நாள்தோறும் கழுவ வேண்டும். தாய்மார் பொறுமையைச் சோதிக்கும் சிகிச்சை இது.

இவ்வளவு இலகுவில் அடங்காதனவும் உள. வெண்ணிறச் செதில்கள் நிறைந்த ஒருவகைக் கட்டி, மெல்லிய தோலுடையது. ஒரு துணுக்கு எஞ்சினும் மீண்டும் வளரும். உலக சுகாதார நிறுவனம் 2005இல் அதனைக் கழலை வரிசையிற் சேர்த்து, 2017இல் மீண்டும் கட்டி வரிசைக்கே கொண்டுவந்தது; அறிஞரையே அலைக்கழிக்கும் பொருள் என்பது இதனால் விளங்கும்.

பல்லின் மிளிரியை ஆக்கும் இழையத்தோடு தொடர்புடைய 'அமெலோபிளாஸ்டோமா' என்னும் கழலை இன்னும் கடியது. பெரும்பாலும் கீழ்த்தாடையின் பின்புறத்தில் தோன்றி, படத்திலே தேன்கூடுபோற் காணப்படும். தீங்கற்றது என்று பெயர். ஆயினும் படத்தில் தெரியும் எல்லைக்கு அப்பாலும் எலும்பினுள் ஊடுருவி நிற்கும். சுரண்டியெடுத்தால் மீளும் வாய்ப்பு மிகுதி என்பதனால், நலமாகத் தோன்றும் எலும்பிலும் ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் வரை சேர்த்து வெட்டியகற்றுவது வழக்கம். "கட்டி சிறிது, தாடையை ஏன் வெட்டுகிறார்கள்?" என்று உறவினர் சினப்பது இதனை அறியாமையாலேயே. இழந்த தாடைக்கு ஈடாக, முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளில் மெல்லியதைக் குருதிக்குழாயுடன் எடுத்துப் பொருத்தும் முறையை அமெரிக்கரான ஹிடால்கோ 1989இல் வெளியிட்டார். அந்த எலும்பின் பெரும்பகுதியை இழந்தவரும் நடக்கலாம்.

ஆறிவிட்டது என்று வைத்தியசாலையை மறந்துவிடுவோரும் உளர். மீளக்கூடிய வகைகள் ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். முதலில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படத்தையும், துண்டுப் பரிசோதனை அறிக்கையையும் காணி உறுதியோடு ஒரே பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னொரு நாள் வேறொரு வைத்தியர் முதலிற் கேட்பது அவ்விரண்டையுமே.