தரகர் சொன்னார், நான்தானே நம்பினேன்!

(தலைப்பு: முதன்முதலாகச் சொத்து வாங்குகிறவரைப் பெரிதும் ஏமாற்றுவது தரகர் பேச்சா, தன் ஆசையா?)

நடுவர் அவர்களே! எதிரணியில் தரகர்களைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு அமர்ந்திருக்கும் நண்பர்களே!

எனக்கு முன் பேசிய நண்பர், "தரகர் வாயைத் திறந்தாலே பொய்" என்றார். ஐயா, அவர் வாயைத் திறந்தார், சரி. உங்களைக் காதைத் திறக்கச் சொன்னது யார்? (சிரிப்பு)

நான் பள்ளிக்கூட வாத்தியார். 2008ல் பி.எஃப். கடன் போட்டு, மதுரையிலிருந்து மேலூர் போகும் ரோட்டில் 1200 சதுர அடி மனை வாங்கினேன். வேனில் கூட்டிப் போனார்கள். பிரியாணி போட்டார்கள். "சார், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் இங்கேர்ந்து பத்தே நிமிஷம்" என்றார் தரகர். ஹெலிகாப்டரில் போனால் பத்து நிமிஷம்தான். (பலத்த சிரிப்பு) சுற்றிலும் மஞ்சள் பெயின்ட் அடித்த கல். என் கண்ணுக்கு அங்கே கல்லா தெரிந்தது? மாடி வீடு தெரிந்தது, வாசலில் செம்பருத்தி தெரிந்தது!

என் வீட்டம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏங்க, டி.டி.சி.பி. அப்ரூவல் இருக்கா?" தரகர் சொன்னார்: "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கும்மா." நான் உடனே அவர் பக்கம் சாய்ந்து, "அதான் சொல்றாருல்ல" என்றேன். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரவேண்டியது நகர் ஊரமைப்பு இயக்ககம். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து அதற்கு ஈடாகாது. இதை விசாரிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அரை நாள். அந்த அரை நாளை எடுத்துக்கொண்டது தரகரா நடுவர் அவர்களே? "போனா கிடைக்காது"ன்னு உள்ளே இருந்து ஒருத்தன் துடிச்சானே, அவன்!

2016ல் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மனையை விற்றுத் தை மாதம் கல்யாணத்தை முடிப்பதாகத் திட்டம். வாங்க ஆளும் வந்தாச்சு. அட்வான்ஸ் வாங்கவிருந்த வாரம், செப்டம்பர் 9ஆம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. வந்தவர் அப்படியே போய்விட்டார். வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தது 2017 மே மாதம். கல்யாணம் தையிலேயே முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது? என் வீட்டம்மாவின் நாலு வளையல் அடகுக்கடைக்குப் போனது. கழற்றிக் கொடுக்கும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து சொத்து விஷயம் எங்கள் வீட்டில் அமைச்சரவை மாற்றம்! (சிரிப்பு, கைதட்டல்) 2019ல், என் ஓய்வூதியப் பணத்தில் வாடகை வரும்படி ஒன்று வாங்கலாம் என்று கிளம்பினோம். கே.கே. நகரில் ஒரு ஃபிளாட். 32 லட்சம். லிஃப்ட், பளபளக்கும் டைல்ஸ். எனக்குப் பழைய வியாதி, மனசு துள்ளுகிறது. அம்மா பையிலிருந்து பேனாவை எடுத்தார். "வாடகை எவ்வளவு வரும்?" 9,000. "வருஷத்துக்கு 1,08,000. வீட்டுவரி, பெயின்ட், ஒரு மாசம் ஆள் இல்லாமக் கிடந்தா அது, எல்லாம் போக 90,000 நிக்கும். மூணு சதவீதம்கூடத் தேறலைங்களே. நம்ம பங்குக்கு மண்ணு எவ்வளவு?" பிரிக்கப்படாத பங்கு 280 சதுர அடி என்றார் தரகர். "கட்டடம் வருஷா வருஷம் பழசாகும், மண்ணுதானே விலை ஏறும்? அது இம்புட்டுதானா?" என்று எழுந்துவிட்டார். இந்தக் கணக்கில் தரகர் எதையாவது மறைத்தாரா? கேட்டதும் சொல்லிவிட்டார் ஐயா! கேட்க ஆள் வேண்டும்.

பிறகு ஜெய்ஹிந்துபுரத்தில் ஒரு பழைய வீடு. ஒன்றேகால் சென்ட், கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். 24 லட்சம். வாடகை இரண்டும் சேர்ந்து 10,500. பத்திரச் செலவு அப்போது வழிகாட்டி மதிப்பில் 11 சதவீதம். 2023 ஏப்ரலில்தான் அது 9 ஆனது. அதையும் விலையோடு கூட்டிக்கொண்டுதான் அம்மா வகுத்தார். நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பேங்கில் இதைவிடக் கூடவே தருவான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேங்க் வட்டி நம்மைக் கேட்டு ஏறாது. வாடகை ஏறும், அடியில் மண்ணும் முழுசாக நம்முடையது.

ஐப்பசி மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு போய்த் தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்தார். குடியிருந்த பெண்ணிடம், "தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்க வருது?" என்றார். விற்கிறவர் சொல்லாததையெல்லாம் குடியிருப்பவர் சொல்லிவிடுவார்!

முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டோம். சுத்தமாக இருந்தது. எனக்கு அதுவே போதும். அம்மாவுக்குப் போதவில்லை. வில்லங்கச் சான்றிதழில் பதிவானது மட்டும்தானே வரும்? தாய்ப்பத்திரம் இறந்துபோன அப்பா பேரில் இருந்தது. உயில் கிடையாது. விற்க வந்தவர் மகன். வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கினால் அதில் மூன்று பேர். அம்மா, மகன், கோயம்புத்தூரில் ஒரு தங்கை.

"அவளுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு சார். அண்ணன் கையெழுத்து போதும்" என்றார் தரகர். இதோ எதிரணி எதிர்பார்த்த பொய்! எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? "தங்கச்சி வந்தா விலை ஏறிடுமே, இப்பவே முடிச்சிடலாமே!" பாருங்கள், தரகர் ஒரு பங்கு தள்ளினால் நான் மூன்று பங்கு குதிக்கத் தயார். உயில் எழுதாமல் அப்பா இறந்தால் மகளுக்கும் பங்கு என்று 1956 சட்டமே சொல்கிறது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989லும் நாடு முழுவதும் 2005லும் வந்தது. அந்தத் தங்கை நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனால் யார் வீட்டு வளையல் போகும்?

அம்மா சொன்னார்: "அந்தப் பொண்ணு வந்து, தன் பங்கை வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாத்தான் நாங்க பணம் எடுப்போம்." ஒன்றரை மாதம் இழுத்தது. எனக்குத் தூக்கமே இல்லை. கடைசியில் அந்தப் பெண் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். பத்திர ஆபீசில் கைரேகை வைத்துவிட்டு, தன் பங்கு செக்கைக் கையில் வைத்துக்கொண்டு, என் வீட்டம்மாவிடம், "அக்கா, வீட்டை விக்கிறதே நீங்க ஆள் அனுப்பினப்புறம்தான் எனக்குத் தெரியும்" என்றார். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, இரண்டு தடவையும் தரகர் ஒரே மாதிரிதான் பேசினார். முதல் தடவை அதற்குத் தலையாட்டியது நான். இரண்டாம் தடவை என்னைத் தலையாட்ட விடாமல் பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள் என்று கேட்டு, நாலு வளையலில் இரண்டுதான் இன்னும் மீட்டிருக்கிறேன் என்பதையும் இந்தச் சபையில் ஒப்புக்கொண்டு அமர்கிறேன்.